உயிரெழுத்து இல்லாத ஆங்கிலச் சொற்கள்: கொழிஞ்சாம்பாறைச் சொல்லட்டைப் பெட்டி பற்றிய மதிப்புரை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையில், பள்ளிப் பிள்ளைகளுக்கான நோட்டுப் புத்தகங்களும் எழுதுபொருள்களும் விற்கும் கடை ஒன்றில், ஆங்கிலச் சொல்லட்டைகள் அடங்கிய சிறு பெட்டி ஒன்று இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்து விற்பனைக்கு இருக்கிறது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றுகூட இல்லாமல் எழுதப்படும் ஆங்கிலச் சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அட்டைக்கு ஒரு சொல்லாக 72 அட்டைகளில் அச்சிட்டிருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லும் கோட்டோவியமும், பின்பக்கத்தின் மேல்பாதியில் தமிழிலும் கீழ்ப்பாதியில் மலையாளத்திலும் ஒலிப்பும் பொருளும் தரப்பட்டுள்ளன. தமிழ் வழிப் பள்ளியில் பணியாற்றிய ஒருவரும் மலையாள வழிப் பள்ளியில் பணியாற்றிய ஒருவருமாக, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் சேர்ந்து இதை உருவாக்கியதாகக் கடைக்காரர் தெரிவித்தார். விலை 220 ரூபாய்.

இத்தகைய பெட்டி வேறெங்கும் விற்பதைவிட இங்கே விற்பதில் பொருள் அதிகம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில் வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பேருந்துப் பலகையையும் அரசு அலுவலக விண்ணப்பத்தையும் மலையாளத்தில் படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் ஆங்கிலத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த முதல் இரண்டு எழுத்துமுறைகளிலும் உயிரின் இருப்பும் இன்மையும் கண்ணுக்குத் தெரியும். தமிழில் மெய்யின் தலையில் புள்ளி இருக்கும். மலையாளத்தில் சந்திரக்கலை இருக்கும், அல்லது அந்த மெய் சில்லெழுத்தாக வடிவம் மாறியிருக்கும். புள்ளி வைத்த எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதையும் ஐந்தாம் வகுப்புக்குள் அவர்கள் கற்றுவிடுகிறார்கள். இப்படிப் பழகிய பிள்ளையின் முன்னால் சி, டபிள்யூ, எம் என்னும் மூன்று எழுத்துகளை மட்டும் வைத்து இதுவும் ஒரு சொல் என்று சொன்னால், மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, “டீச்சர், இதை எப்படிங்க வாய்விட்டுப் படிக்கிறது?” என்பதுதான். அதைவிடச் சரியான கேள்வி இந்தப் பொருளில் இல்லை. அதற்கு விடை சொல்லும் அட்டைகள் இந்தப் பெட்டியில் நன்றாக அமைந்திருக்கின்றன; அந்தக் கேள்வியைத் தாண்டிச் சென்று வியப்பை மட்டும் காட்டும் அட்டைகள் சோர்ந்து நிற்கின்றன.

பெட்டியின் மூடியிலேயே அந்தச் சோர்வு தொடங்கிவிடுகிறது. “உயிரே இல்லாத அதிசயச் சொற்கள்” என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். உயிரெழுத்து இல்லை என்பது வேறு, உயிரொலி இல்லை என்பது வேறு. இந்த 72 சொற்களில் பெரும்பாலானவற்றில் உயிரொலி தெளிவாகவே ஒலிக்கிறது. அதைக் குறிக்கும் எழுத்துதான் வழக்கமான ஐந்தில் ஒன்றாக இல்லை. உள்ளே இருக்கும் நல்ல அட்டைகள் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டிருப்பதால், மூடியின் வாசகம் உள்ளிருக்கும் உழைப்புக்கே முரணாக நிற்கிறது.

அட்டைகளை நான்கு நிறங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் கட்டு மிகப் பெரியது. 48 அட்டைகளும் ஒய் என்னும் எழுத்து உயிராக நிற்கும் சொற்கள். ஸ்கை, ஃப்ளை, ட்ரை, க்ரை போன்ற அன்றாடச் சொற்களிலிருந்து இந்தக் கட்டு தொடங்குவது நல்ல முடிவு. ஊருக்கு ஊர் பலகை தொங்கும் ஜிம், ஸ்கேன் எடுத்த பெரியவர்களின் பேச்சில் அடிபடும் சிஸ்ட் ஆகியவற்றையும் முதல் வரிசையிலேயே வைத்திருக்கிறார்கள். அதிசயம் என்று மூடி சொல்லும் சொற்களை நாள்தோறும் தாங்களே பயன்படுத்தி வருவதைப் பிள்ளைகள் இங்கே கண்டுகொள்கிறார்கள். ஃப்ளை என்னும் அட்டையின் பின்புறத்தில், சொல்லின் இறுதியில் நிற்கும் ஒய், பன்மையாகும்போது ஐ, ஈ, எஸ் என மாறுவதையும், ஃப்ளையிங் என்று நீளும்போது ஒய் மாறாமல் இருப்பதையும் இரண்டே வரிகளில் விளக்கியிருக்கிறார்கள். ஆங்கிலச் சொற்களின் இறுதியில் ஐ என்னும் எழுத்து தனியே நிற்பது அரிது என்பதால் ஒய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதை, விதி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே பிள்ளை உணர்ந்துகொள்கிறது.

இதே கட்டின் இரண்டாம் பாதியில்தான் எனக்குப் பெரிய குறை தென்பட்டது. ரிதம், ஹிம் (துதிப்பாடல்), நிம்ஃப், லின்க்ஸ், கிரிப்ட், லிம்ஃப், ஸிஸிஜி என்று வரிசையாகச் சொற்கள் வருகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. கிரேக்கர்களின் ‘உப்சிலான்’ என்னும் எழுத்தைத் தங்கள் மொழியில் எழுத உரோமானியர்கள் ஒய் என்ற எழுத்தைத் தனியே எடுத்துக்கொண்டார்கள். கிரேக்கச் சொற்களை எழுதுவதற்கென்றே எடுத்துக்கொண்ட அந்த எழுத்தையும் இஸட்டையும் தங்கள் நெடுங்கணக்கின் கடைசியில் சேர்த்தார்கள். இன்றும் ஆங்கில நெடுங்கணக்கின் வாலில் அவை நிற்பதற்கு இதுவே காரணம். ஆகவே ஹிம் என்ற சொல்லில் ஐ இல்லாமல் ஒய் இருப்பது தற்செயல் அன்று. அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்பதன் அடையாளம் அது. வடசொற்களை எழுத ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க ஒரே ஓர் அட்டை போதும். அந்த ஓர் அட்டை பெட்டியில் இல்லை. அதனால், ஃப்ளையில் வரும் ஒய்யும் நிம்ஃபில் வரும் ஒய்யும் ஒரே காரணத்தால் வந்தவை என்று பிள்ளைகள் எண்ணிவிட வாய்ப்பு இருக்கிறது.

ரிதம் என்னும் அட்டையை மட்டும் தனியே பாராட்ட வேண்டும். ஆர், எச், ஒய், டி, எச், எம் என்னும் ஆறு எழுத்துகளையும் வரிசை மாறாமல் எழுதப் பத்தாம் வகுப்பு மாணவர்களும் திணறுவார்கள். “ரிதம் ஹெல்ப்ஸ் யுவர் டூ ஹிப்ஸ் மூவ்” என்று, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் சேர்த்தால் அந்தச் சொல்லே வந்துவிடும்படி ஆங்கில ஆசிரியர்கள் சொல்லித்தரும் பழைய வாய்பாட்டைத் தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் தந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, இந்தச் சொல்லில் இரண்டு அசைகள் இருப்பதையும், முதல் அசையின் உயிரை ஒய் தாங்குவதையும், இரண்டாம் அசைக்கென்று எந்த உயிரெழுத்தும் இல்லாமல் எம் என்னும் மெய்யே அந்த அசையைத் தாங்கி நிற்பதையும் அவர்கள் காட்டியிருக்கும் விதம். கைதட்டிச் சொல்லச் சொல்கிறது அட்டை: ஒரு தட்டு ‘ரி’, இன்னொரு தட்டு ‘தம்’. ஓவியத்தில் ஒரு பக்கம் தவிலும் மறுபக்கம் செண்டையும் இருக்கின்றன. இந்த ஊரின் திருவிழாக்களில் இரண்டையும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு லயம் என்ற பொருளை வேறு எந்தப் படமும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்காது.

ஸிஸிஜி என்னும் சொல்லைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ், ஒய், இஸட், ஒய், ஜி, ஒய் என்று மூன்று ஒய் எழுத்துகளைக் கொண்ட இந்தச் சொல், வானில் மூன்று பொருள்கள் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்பதைக் குறிக்கும் வானியல் சொல். ஒரே நுகத்தில் பூட்டியது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இது பிறந்தது. அட்டையில் “கோள்களின் நேர்வரிசை” என்று மட்டும் எழுதியிருப்பது போதவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் ஞாயிறு, புவி, நிலவு ஆகிய மூன்றும் ஏறத்தாழ நேர்கோட்டில் வரும் நாள்களே என்பதை இங்கே சேர்த்திருந்தால், மாதம் இருமுறை வானில் நிகழும் ஒன்றின் பெயராக அந்தச் சொல் பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கும். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகக் கடந்து சென்ற வளையச் சூரிய கிரகணத்தை இப்பகுதியின் பெற்றோர் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த முற்பகலின் நிலையைக் குறிக்கும் சொல் இது என்று நான் சொன்னபோது, அட்டையை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று ஒரு சிறுமி கேட்டாள்.

மர் என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும் இன்னொரு சொல்லின் அட்டை இதற்கு நேர் எதிரானது. எம், ஒய், ஆர், ஆர், எச் என்று எழுதப்படும் அந்த நறுமணப் பிசினுக்குத் தமிழில் வெள்ளைப்போளம் என்றும் மலையாளத்தில் மூர் என்றும் பெயர் தந்திருக்கிறார்கள். இரண்டும் அந்தந்த மொழியின் விவிலியத்தில், குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானியர் கொண்டுவந்த காணிக்கைகளுள் ஒன்றாக வரும் பெயர்கள். தேவாலயத்துக்குச் செல்லும் பிள்ளைகள் பொருளைக் கேட்டவுடன் தெரிந்துகொண்டார்கள். அகராதிச் சொல்லைத் தேடாமல், மக்கள் நாவில் ஏற்கெனவே இருக்கும் பெயரைத் தேடிப் பிடித்திருக்கும் இந்த அக்கறை பெட்டி முழுவதும் இருந்திருக்கலாம்.

நீலக் கட்டில் மூன்றே அட்டைகள். அவற்றை நான் மிக விரும்பிப் படித்தேன், மிக அதிகமாகக் குறைப்பட்டதும் அவற்றைப் பற்றியே. மூன்றும் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. வேல்ஸ் மொழியில் டபிள்யூ என்பது உயிரெழுத்து. நம் உகரத்தையும் ஊகாரத்தையும் போல ஒலிப்பது. ஆகவே சி, டபிள்யூ, எம் என்று எழுதினால் அந்த மொழிக்காரர்களுக்கு அது ‘கும்’ என்று இயல்பாக ஒலிக்கும் சொல், இடையில் எதுவும் விடுபடவில்லை. பனியாறு குடைந்தெடுத்த, மூன்று புறமும் செங்குத்துப் பாறைகளால் சூழப்பட்டு ஒரு புறம் மட்டும் திறந்திருக்கும் கிண்ணம் போன்ற மலைப்பள்ளத்தை நிலவியலார் அந்தப் பெயரால் அழைக்கிறார்கள். எவரெஸ்ட், லோட்சே, நுப்ட்சே ஆகிய சிகரங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்கு மேற்குக் கும் என்று பெயரிட்டவர் 1921ஆம் ஆண்டு ஆய்வுப் பயணத்தில் இருந்த ஜார்ஜ் மாலரி. வேல்ஸின் மலைகளில் ஏறிப் பழகியவர் அவர். 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் உச்சியை அடையச் சென்ற வழி அந்தப் பள்ளத்தின் ஊடாகவே சென்றது. இவ்வளவு வரலாறு உடைய சொல்லுக்கு அட்டையில் தரப்பட்டிருக்கும் பொருள் “பள்ளத்தாக்கு” என்ற ஒற்றைச் சொல். பாலக்காட்டுக் கணவாயில் வாழும் பிள்ளை, வடக்கேயும் தெற்கேயும் மலை இருக்க நடுவே திறந்து கிடக்கும் தன் ஊரையே இந்தச் சொல் குறிப்பதாக நினைத்துக்கொள்ளும். கணவாய் இருபுறமும் திறந்தது. கும் ஒருபுறம் மட்டும் திறந்தது. இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு நல்ல படம் போதுமாயிருக்க, அட்டையில் வளைந்து ஓடும் ஆறும் இருபுறம் தென்னையும் வரைந்திருக்கிறார்கள்.

சி, ஆர், டபிள்யூ, டி, எச் என்னும் ஐந்து எழுத்துகளைக் கொண்ட இரண்டாவது சொல்லுக்கு ஒலிப்பு ‘க்ரவுத்’ என்று தவறாக அச்சாகியிருக்கிறது. ‘க்ரூத்’ என்று இருக்க வேண்டும். இது வேல்ஸ் நாட்டின் பழைய நரம்பிசைக் கருவி. ஆறு நரம்புகள் உடையது. அவற்றுள் நான்கு விரற்பலகையின் மேலும், இரண்டு பக்கவாட்டிலும் செல்லும். நரம்புகளைத் தாங்கும் ‘குதிரை’ என்னும் கட்டையின் ஒரு கால் ஒலித்துளை வழியாக உள்ளே இறங்கிப் பின்பலகையில் ஊன்றி நிற்பது அதன் தனிச்சிறப்பு. வில்லால் வாசிக்கப்படும் இந்தக் கருவி, வயலின் பரவிய பிறகு வழக்கிலிருந்து மறைந்து, 20ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்டது. அட்டையிலோ மடியில் வைத்து விரலால் மீட்டும் வீணை போன்ற ஒன்றை வரைந்திருக்கிறார்கள். வில் இல்லாத படம் பிள்ளையின் மனத்தில் வேறொரு கருவியைப் பதித்துவிடும். மூன்றாவது அட்டை ‘குச்’ என்பதற்கு நெருக்கமாக ஒலிக்கும், தெற்கு வேல்ஸ் மக்கள் அன்போடு பயன்படுத்தும் சொல். அணைப்பு என்றும், பொருள்களை வைக்கும் சிறு ஒடுக்கிடம் என்றும் இரு பொருள் தரும். இரண்டு பொருளையும் தந்திருக்கிறார்கள். தாயின் மடியில் ஒடுங்கிக்கிடக்கும் குழந்தையின் ஓவியம் இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது. இந்தப் பெட்டியின் மிகச் சிறந்த ஓவியம் அதுவே.

சிவப்புக் கட்டின் 17 அட்டைகள் உணர்ச்சிக் குறிப்புச் சொற்கள். மூடியில் இருக்கும் வாசகம் உண்மையாவது இங்கேதான். ஷ்ஷ் என்று அமைதிப்படுத்தும்போதும், ப்ஸ்ஸ்ட் என்று மெல்ல அழைக்கும்போதும், ப்ஃப்ட் என்று அலட்சியம் காட்டும்போதும் வாயிலிருந்து எந்த உயிரொலியும் வருவதில்லை. மெய்யே நீண்டு ஒலித்து முழுச் சொல்லின் வேலையைச் செய்கிறது. தமிழிலும் இது இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் மிக அழகாகப் பிடித்திருக்கிறார்கள். வார இதழ்க் கதைகளில் சலிப்பைக் காட்ட ‘ப்ச்’ என்றும், ஒப்புதலைக் காட்ட ‘ம்ம்’ என்றும் எழுதுவதை ஹ்ம் அட்டையின் பின்புறத்தில் எடுத்துக்காட்டாகத் தந்திருக்கிறார்கள். சொல்லுக்கு முதலில் புள்ளியெழுத்து வராது என்று படித்த பிள்ளை, தன் மொழியிலேயே பேச்சின் ஓரத்தில் அது வந்துகொண்டிருப்பதை இங்கே பார்க்கிறது. மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் நான் இதோடு ஒற்றளபெடையையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். மெய்க்கு அரை மாத்திரை என்று வரையறுத்த தமிழ் இலக்கணமே, செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் ம் உள்ளிட்ட சில மெய்கள் தம் அளவைக் கடந்து நீளலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. ஹ்ம் என்று ஆங்கிலேயர் யோசிக்கும்போது நீள்வதும் அதே ம்.

டி, எஸ், கே என்னும் மூன்று எழுத்துகளை இருமுறை எழுதும் சொல்லின் அட்டைக்கும் தனிப் பாராட்டு உரியது. புத்தகத்தில் பார்த்துப் படிப்பவர்கள் அதை ‘டிஸ்க் டிஸ்க்’ என்று படித்துவிடுவார்கள். உண்மையில் அது நாவின் நுனியை மேல்பல்லின் பின்னால் ஒட்டி உள்நோக்கி உறிஞ்சி விடுவிக்கும் ஒலியை எழுத்தில் பிடிக்க முயன்றதன் விளைவு. ‘டட் டட்’ என்று இன்னொரு விதமாக எழுதுவதும் அதே ஒலியைத்தான். நாம் அதை உச்சுக்கொட்டுதல் என்கிறோம். அட்டையில் அந்த ஒரு சொல்லை எழுதி, “இதைச் செய்துபார்” என்று மட்டும் சேர்த்திருக்கிறார்கள். விளக்கம் அவ்வளவே. பிள்ளைகள் உடனே செய்துகாட்டினார்கள். நாம் இரக்கத்துக்கு உச்சுக்கொட்டுகிறோம், ஆங்கிலேயர் கண்டிப்பதற்கும் அதைச் செய்வார்கள் என்ற குறிப்பு ஒன்று சேர்ந்திருந்தால் முழுமையாகியிருக்கும்.

வெள்ளைக் கட்டில் உள்ள நான்கு அட்டைகளுள் மூன்றை எடுத்துவிடலாம். மிஸ்டர், மிஸஸ், டாக்டர் ஆகியவற்றின் சுருக்க வடிவங்கள் அவை. ரூ. என்று எழுதி ரூபாய் என்று படிப்பதைப் போல, எழுதும்போது சுருக்கிச் சொல்லும்போது விரிப்பவை. அவற்றில் உயிர் இல்லாமல் இல்லை, எழுதப்படவில்லை என்பதே உண்மை. கைபேசிச் செய்திகளில் பிளீஸ், தாங்க்ஸ் போன்ற சொற்களை உயிர் நீக்கி எழுதும் வழக்கத்தைப் பெட்டியில் சேர்க்காமல் விட்ட ஆசிரியர்கள், அதே காரணத்துக்காக இந்த மூன்றையும் விட்டிருக்க வேண்டும். மீதமுள்ள ஓர் அட்டை என், டி, எச் என்பது. எத்தனையாவது என்று குறிப்பிடாமல் ஏதோ ஓர் எண்ணிக்கையைச் சொல்லக் கணிதத்தில் என் என்னும் எழுத்தை வைத்து, அதோடு வரிசையைக் காட்டும் விகுதியைச் சேர்த்து உருவாக்கியது. ‘என்த்’ என்று ஒலிக்கிறது. அந்த எழுத்தின் பெயரிலேயே எகரம் ஒளிந்திருப்பதால் சொல்லில் உயிர் வந்துவிடுகிறது. இதை அட்டையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

பெட்டியோடு வரும் மடக்குத் தாள், இந்தச் சொற்களை, எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று விளக்குகிறது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ் 1930களில் உருவாக்கி, 1948இல் ஸ்கிராபிள் என்ற பெயரைப் பெற்ற அந்த விளையாட்டில் 100 வில்லைகள் உண்டு. ஏ 9, ஈ 12, ஐ 9, ஓ 8, யூ 4 என்று உயிரெழுத்து வில்லைகள் 42. மெய்கள் 56. எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்று வில்லைகள் 2. செய்தித்தாளின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப்பார்த்தே பட்ஸ் இந்த அளவுகளை வகுத்தார். கையில் மெய்கள் மட்டும் சேர்ந்துவிட்ட ஆட்டக்காரருக்கு என்த், கும், க்ரூத் ஆகியவை உயிர் கொடுக்கும். முறையே 6, 10, 13 மதிப்பெண். இதுவரை தாள் சரியாகவே சொல்கிறது. ஆனால் உச்சுக்கொட்டும் சொல்லுக்கு 14 என்றும் ஸிஸிஜிக்கு 25 என்றும் கூட்டிவைத்திருப்பது ஆடிப் பார்க்காமல் எழுதியது. கே வில்லை ஒன்றுதான் இருக்கிறது. அந்தச் சொல்லில் இரண்டு கே வருவதால் ஒன்றுக்கு வெற்று வில்லையை வைத்தாக வேண்டும், வெற்று வில்லைக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே கட்டத்தின் சிறப்பு மதிப்புகளைச் சேர்க்காமல் பார்த்தால் 9 மட்டுமே கிடைக்கும். ஒய் வில்லைகள் இரண்டுதான். ஸிஸிஜிக்கு மூன்று வேண்டும் என்பதால் அதற்கும் ஒரு வெற்று வில்லை செலவாகி 21 ஆகிவிடும். விளையாட்டில் மூழ்கும் பிள்ளைகள் இதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள், தாளின் மீது வைத்திருக்கும் நம்பிக்கை அப்போது குறையும்.

ஒலிப்பை எழுதிக்காட்டும் முறையில் தமிழ்ப் பாதியைவிட மலையாளப் பாதி துல்லியமாக இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிக்மி என்று தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தில் இடையில் வரும் மெல்லிய ககர ஒலி தெரிவதில்லை. மலையாளத்தில் அதற்குத் தனி எழுத்து இருப்பதால் ஒலி நேராக வந்துவிடுகிறது. இது தமிழின் குறை ஆகாது. ஒலிப்பு அட்டை தயாரிப்பவர் கவனிக்க வேண்டிய இடம். நிம்ஃப், லிம்ஃப் ஆகியவற்றில் ஃப என்று எழுதியிருப்பது போல, இங்கேயும் ககரத்தின் கீழே ஒரு கோடிட்டு, தாளில் அதை விளக்கியிருக்கலாம். இரு எழுத்துகளும் தெரிந்த நம் பிள்ளைகள் தமிழில் பொருளையும் மலையாளத்தில் ஒலிப்பையும் படித்துக்கொள்கிறார்கள். ஆனால் இதே பெட்டி பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ போனால் அந்த வாய்ப்பு இருக்காது.

அட்டையின் தாள் தடிமனானது. மூலைகள் வட்டமாக வெட்டப்பட்டிருப்பதால் சிறு பிள்ளைகளின் கையில் சீக்கிரம் மடங்குவதில்லை. மஞ்சள் கட்டின் மை சற்று வெளிறி, மாலை வெளிச்சத்தில் படிக்கக் கடினமாக இருக்கிறது. பெட்டியின் மூடி தளர்வானது. பையில் வைத்தால் அட்டைகள் சிதறும், ஒரு ரப்பர் வளையம் கட்டிக்கொள்வது நல்லது. க்ரூத் அட்டையின் பிழையைக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் குறித்துக்கொண்டு, “சாருகிட்ட சொல்றேங்க டீச்சர், திருத்தி அடிச்சதும் மாத்தித் தந்திடறோம்” என்றார். தயாரித்தவர்கள் அருகிலேயே வாழ்வதால் இத்தகைய பேச்சுக்கு இடம் இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைத் தயங்காமல் வாங்கித் தரலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மஞ்சள் கட்டின் முதல் பாதியும் சிவப்புக் கட்டும் போதும். பெரியவர் ஒருவர் உடன் இருந்து ஒலித்துக் காட்டுவது அவசியம். 1945இல் திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் தொடங்கி, பின்னர் கேரளம் முழுவதும் வேரூன்றிய நூலக இயக்கத்தின் பயனாக நம் பகுதியிலும் ஊர் வாசகசாலைகள் இருக்கின்றன. ஜூன் 19 வாசிப்பு நாளில் அவை பிள்ளைகளுக்கு நடத்தும் நிகழ்ச்சிகளில் இந்தப் பெட்டியை வைத்து ஒரு மணி நேரம் விளையாடவைப்பது பலன் தரும்.

அடுத்த அச்சுக்கு ஆசிரியர்களிடம் நான் எழுதிக் கொடுத்தவை இவை: மூடியில் ‘உயிரே இல்லாத’ என்பதற்குப் பதிலாக ‘ஐந்து உயிரெழுத்தும் இல்லாத’ என்று திருத்துவது, கிரேக்க ஒய்யைப் பற்றி ஓர் அட்டை சேர்ப்பது, கும் என்பதற்கு மூன்று புறமும் பாறை சூழ்ந்த பள்ளத்தையும் க்ரூத்துக்கு வில்லோடு கூடிய கருவியையும் வரைவது, மடக்குத் தாளின் மதிப்பெண்களைத் திருத்துவது, வெள்ளைக் கட்டின் மூன்று சுருக்கங்களை நீக்குவது. பெட்டி இப்போதைக்கு இந்த ஒரு கடையில் மட்டுமே கிடைக்கிறது. பள்ளிகளும் வாசகசாலைகளும் மொத்தமாக வாங்கினால் விலையில் சற்றுக் குறைத்துத் தருகிறார்கள். ஞாயிறு பிற்பகலில் கடை மூடியிருக்கும்.